மிச்சம் ஆறு வெடி

நான்காவது வெடி நாலில் விழுந்தது.

தொலைநோக்கியில் அதைக் கண்ட தேனுஜா அக்கா கண்ணை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார். நூறு மீற்றருக்கு அப்பால், இலக்குத் தாளில் நான்கு துளைகள். முதலாவது ஒன்பது, இரண்டாவது எட்டு, மூன்றாவது ஆறு, இப்போது நாலு. நான்கும் ஒரே கோட்டில் வலப்பக்கமாகக் கீழிறங்கியிருந்தன, யாரோ படியிறங்கிப் போனதுபோல.

கை நடுங்கினால் வெடிகள் சிதறும். இப்படி ஒழுங்காக இறங்காது. பதினொரு வருடமாகச் சுடுகிறவருக்கு அது தெரியும். பின்பக்க வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு மூச்சு விடாமல் இருந்தது.

அன்று ஒக்டோபரின் முதல் ஞாயிறு. ஜேர்மனியின் ஹாலே நகரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், பீற்றூட் வயல்களுக்கு நடுவே, எங்கள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. பழைய பாணி ஒற்றை ரவைத் துவக்குகளுக்கான அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். இரண்டு இடம் ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர்: தேனுஜா அக்கா, பீலிக்ஸ். ஒரே நாள், ஒரே தூரம், புள்ளி கணக்கிடும் பத்து வெடி. கூடுதலாக எடுப்பவர் வசந்தத்தில் மாநிலப் போட்டிக்குப் போவார். மற்றவர் வீட்டில் இருப்பார்.

பீலிக்ஸ் காலையிலேயே சுட்டு முடித்துவிட்டான். எண்பத்து மூன்று. அவனுக்கு அது நல்ல நாள். அக்காவுக்கு அது சாதாரண நாளின் எண்ணிக்கைகூட இல்லை. அவர் வழக்கமாக எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்குவதில்லை.

இப்போது நான்கு வெடியில் இருபத்தேழு. மிச்சம் ஆறு. பீலிக்ஸைத் தாண்ட ஆறில் ஐம்பத்தேழு எடுக்க வேண்டும். கீழிறங்கிக்கொண்டிருக்கும் துவக்கால் அது நடக்காது.

தேனுஜா அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. நாலு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அகதி முகாமில் இரண்டு வருடம், பிறகு ஹாலேயில் ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லாத வீடு. தாய் தேவமலர் அன்ரி பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்து மகளை வளர்த்தார். மகள் பள்ளி இறுதிப் பரீட்சையான அபிற்றூர் எடுத்து டொக்டராவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் உலோகம் கடையும் தொழிற்பயிற்சியில், அவுஸ்பில்டுங்கில், போய்ச் சேர்ந்தார். இரும்பைக் கடைந்து நூறில் ஒரு மில்லிமீற்றர் சரியாக எடுக்கும் வேலை. "மயிரைப் பத்தாப் பிளக்கிற வேலை" என்று அன்ரி கோயிலில் சொல்லுவார். பெருமையா முறைப்பாடா என்று கேட்பவருக்கு விளங்காது.

சுடுதளத்துக்கு அவரைக் கொண்டுவந்தது ஒரு திருகாணிதான். வேலையிடத்தில் ஒருவர் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சின்ன உலோகத் துண்டை மேசையில் வைத்து, இதுக்கு ஒரு திருகாணி கடைஞ்சு தருவியா என்று கேட்டிருக்கிறார். மடித்து நிமிர்த்தக்கூடிய ஒரு தண்டு, அதில் வேணியர் அளவுகோல், உச்சியில் சின்ன வட்டத் தட்டு, தட்டின் நடுவில் ஒரு மில்லிமீற்றர் துளை. டியோப்டர் என்பார்கள். குழலின் நடுவில் உட்காரும் வழக்கமான குறிகாட்டி அல்ல இது. துவக்கின் குதிரைக்குப் பின்னால், கட்டையின் கழுத்தில் திருகிப் பூட்டுவது. சுடுகிறவரின் கண்ணுக்கு மிக அருகில் நிற்கும். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வடிவம். அந்தத் திருகாணியின் புரிகூட இன்றைய அளவில் இல்லை. அக்கா மூன்று மாலை இருந்து அதைக் கடைந்து கொடுத்தார். பிறகு அது எப்படி வேலை செய்கிறதென்று பார்க்கப் போனார். போனவர் திரும்பவில்லை.

"துளையைப் பாக்கக் கூடாது. துளையால பாக்கவேணும்," என்று அவர் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லுவார். துளையின் நடுவைக் கண் தானே தேடிக்கொள்ளும். முன்குறி மட்டும் தெளிவாக நிற்க வேண்டும். அதற்குமேல் கண்ணுக்கு வேலை கொடுத்தால் அது பொய் சொல்லத் தொடங்கும்.

அன்ரிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வருடப் பிறப்பு இரவில் ஊர் முழுக்க வாணம் விடும்போது, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தரையில் இருக்கிற மனுசி அவர். மகள் முதன்முதலாகக் கொண்டுவந்த இலக்குத் தாளைக் கடதாசிக் கூடைக்குள் போட்டார். அதற்குப் பிறகு பதினொரு வருடம் துவக்கு என்ற சொல் அந்த வீட்டில் வரவில்லை. பேர்லின் கோயிலில் யாரும் கேட்டால், "மகள் ஸ்போர்ட்டுக்குப் போறாள்." அவ்வளவுதான்.

துவக்கு இரும்புப் பெட்டகத்தில் பூட்டியிருக்கும். திறப்பு அக்காவிடம் மட்டும். ஆனால் டியோப்டரைக் கழற்றித் தனியே வைப்பார், தண்டு எதிலும் இடிபட்டு வளையக் கூடாது என்று. சட்டத்துக்கு அது துவக்கின் பகுதியல்ல, வெறும் உலோகம். உள்ளே கம்பளித் துணி ஒட்டிய மரப்பெட்டியில், அவருடைய மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில், அலுமாரித் தட்டில் இருக்கும்.

அதைப் பராமரிக்க அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்தத் தூரத்துக்கு அளவுகோல் எந்த எண்ணில் நிற்க வேண்டும், எந்தத் திருகாணியை எப்போது மாற்றினார், எண்ணெய் எத்தனை சொட்டு. புரிகளுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய், ஒரு சொட்டு. துளைக்கு எண்ணெய் படவே கூடாது. போட்டிக்கு முதல் வெள்ளிக்கிழமை அடித்தட்டு, தண்டு, துளை மூன்றையும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இது அவர் தனக்கே எழுதிய விதி. இந்த வெள்ளி மட்டும் பார்க்கவில்லை. புதனிலிருந்து பின்னேர ஷிஃப்ட், வெள்ளி மேலதிக வேலை, சனி முழுக்க நித்திரை. பெட்டி மூடியிருந்தது, மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கப்போகிறது என்று நினைத்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, சுடுதளத்தின் மங்கல் வெளிச்சத்தில், டியோப்டரைத் துவக்கில் பூட்டி இரண்டு திருகாணியையும் இறுக்கினார். அளவுகோலைப் பார்த்தார். எண் சரி. அது போதும் என்று நினைத்தார்.

நான்காவது வெடிக்குப் பிறகு துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, அவர் விரலால் டியோப்டரின் அடியைத் தொட்டார். அசைந்தது.

இரண்டு திருகாணியும் தளர்ந்திருந்தன. நகத்தாலேயே திருப்பலாம்.

சுடுதளப் பொறுப்பாளர் றீற்றா பின்னால் வந்து நின்றார். ஹாலேயில் முப்பது வருடம் ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் நடந்தால் எல்லாரும் விலகி நிற்பார்கள். அவர்கள் பேசியது ஜேர்மனில்தான். என் காதில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது.

"என்ன, நித்திரையோ? இன்னும் பத்தொன்பது நிமிஷம்."

"என்ர டியோப்டர் ஆடுது."

"ஆடினா இறுக்கு."

"காலமை நான் இறுக்கினது, றீற்றா. நான் இறுக்கினது நாலு வெடிக்குக் கழராது."

றீற்றா குனிந்து டியோப்டரைப் பார்த்தார். அது உண்மை என்று அவருக்குத் தெரியும். சங்கத்தில் பாதிப் பேர் தங்கள் டியோப்டரைத் தேனுஜா அக்காவிடம்தான் கொடுத்துப் பார்ப்பார்கள்.

"கோப்பி குடிக்கேக்குள்ள துவக்கு எல்லாம் தாங்கியில இருந்தது," என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "இருவது நிமிஷம். ஆரோ தொட்டிருக்கினம்."

"தாங்கிக்குக் காவல் நிண்டது ஆரெண்டு உனக்குத் தெரியும்."

அக்கா தலையைத் திருப்பினார். அவருடைய கண் வாங்குப் பக்கம் போனது. பீலிக்ஸ் என்னிலிருந்து மூன்று பேர் தள்ளி இருந்து, காகிதக் கோப்பையோடு யாருக்கோ ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கூரை வேலை செய்கிறவன், இருபத்தொன்பது வயது, வாய் ஓயாது. அக்காவின் கண் போன இடத்தை றீற்றாவும் பார்த்தார்.

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை மாலை சங்கத்தில் நடந்தது எனக்கும் நினைவு வந்தது. அக்கா தன் டியோப்டரைக் கழற்றித் துணியில் வைத்திருந்தபோது, பீலிக்ஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவ்வளவு சின்னத் திருகாணி. இதில ஒண்டு கழண்டாக் காணும், மூண்டாமிடம் எனக்கு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

இப்போது அவர், தானும் சிரித்ததை நினைத்திருப்பார். முகம் இறுகியது.

"எழுத்தில தா," என்றார் றீற்றா. "கையெழுத்து விழுந்த நிமிஷம் உன்ர மணிக்கூடு நிக்கும். அடுத்த ஞாயிறு பத்து வெடியும் புதிசாச் சுடலாம். ஆனா ஒண்டு. மற்றவன்ர துவக்கில ரகசியமாக் கை வைச்சதெண்டு எழுதினா, அது இந்தக் கட்டடத்துக்குள்ள நிக்காது. கை வைச்சவன்ர துவக்கு அனுமதி அட்டையைப் பறிக்கிறதோ எண்டு மேலிடம் பாக்கும். யோசிச்சு எழுது."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி மிச்சம் ஆறையும் சுடு. பதினேழு நிமிஷம்."

றீற்றா ஒரு படிவத்தையும் பேனாவையும் மேசையில் வைத்தார். அக்கா எழுதினார். பெயர், நேரம், இலக்கம். அவருடைய எழுத்து எப்போதும் அச்சுப்போல் இருக்கும்; வேலையிடத்து வரைபடங்களில் எழுதிப் பழகிய கை. திருகாணிகள் தளர்த்தப்பட்டிருந்தன. இடைவேளையில் தாங்கிக்குப் பொறுப்பாக நின்றவர். இந்த இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு பீலிக்ஸின் பெயரை எழுதியது.

கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது.

"முதல்ல டியோப்டரைக் கழட்டித் தா," என்றார் றீற்றா. "ஆதாரம். உறையில போட்டு ஒட்டவேணும்."

அக்கா திருப்புளியை எடுத்தார். இரண்டு திருகாணியும் சுலபமாக வந்தன. அடித்தட்டைத் தூக்கினார்.

தட்டின் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நகமளவு, வெளிர் மஞ்சள், காய்ந்து வெடித்த ஒரு படை. ஓரங்கள் பொடியாகித் துவக்குக் கட்டையின் எண்ணெய்ப் பளபளப்பில் தூவியிருந்தன. அந்தப் பொடியில் ஒரு சிவப்புத் துணுக்கு.

றீற்றா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன அது, பழைய கிறீஸோ?"

அக்கா விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். வெடிமருந்து மணத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். இரண்டாம் முறை மூச்சை இழுத்தபோது தெரிந்தது.

நான் வாங்கிலிருந்து கண்டது இவ்வளவுதான்: அவருடைய தோள் கீழே இறங்கியது.

"ஒரு நிமிஷம்," என்றார்.

"மணிக்கூடு ஓடுது."

"ஓடட்டும்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். போனில் நடந்ததை அவர் பிறகு எனக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறார், ஒரு சொல்லும் மாறாமல்.

"அம்மா, என்ர மரப்பெட்டியைத் திறந்தனிங்களோ?"

"எந்தப் பெட்டி?"

"மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில இருக்கிறது."

டீவியின் சத்தம் குறைந்தது. "சாப்பிட்டியோ பிள்ளை?"

"அம்மா."

"புதன்கிழமை சரஸ்வதி பூசைக்கு வைச்சனான். உன்ர வேலைச் சாமான் வருசா வருசம் வைக்கிறதுதானே. மைக்ரோமீட்டரை எடுக்கேக்குள்ள அது பக்கத்தில இருந்துது. அதை மட்டும் விட்டிட்டு வர மனம் கேக்கேல்லை."

"சந்தனம் வைச்சனிங்களோ?"

"கொஞ்சம்தான். முகத்தில ஒரு பொட்டு. அடியில ஒரு பொட்டு. மேல துளிக் குங்குமம்."

"அதுக்கு எது அம்மா முகம்?"

"அந்த வட்டம்தான். வேற எதை முகமெண்டு சொல்லுறது?"

அக்கா நெற்றியைச் சுவரில் சாய்த்தார்.

"பிறகு நீ ஏசுவாய் எண்டு துடைச்சனான்," என்றார் அன்ரி. "ஈரத்துணியால, பூவைத் துடைக்கிறமாதிரி. ஒரு ஆணியையும் திருப்பேல்லை. பழுதாப் போச்சோ?"

"இல்லை."

"அப்ப ஏன் போன் எடுத்தனி?"

"சும்மா."

பிறகு அன்ரி கேட்டார், "சுட்டு முடிஞ்சுதோ?"

பதினொரு வருடத்தில் தாய் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"இல்லை. இன்னும் ஆறு இருக்கு."

"அப்ப போய்ச் சுடன். போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

அக்கா திரும்பி வந்தபோது பதினொரு நிமிடம் மிச்சம். மேசைக்குப் பக்கத்தில் பீலிக்ஸ் நின்றான். படிவம் அவன் கையில் இல்லை, ஆனால் மேசையில் விரித்தபடி இருந்தது. அதைப் படிக்கக் கிட்டப் போகவும் தேவையில்லை. கோப்பையைக் கீழே வைத்திருந்தான். வாய் மூடியிருந்தது. அவனை அப்படி நான் கண்டதில்லை.

அந்த இடத்தில் அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. சந்தனம் என்றால் என்ன என்று என்னைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது. பழைய கிறீஸ் என்று விட்டிருக்கலாம். திருகாணி தளர்ந்தது உண்மை, தாங்கிக்குப் பீலிக்ஸ் காவல் நின்றது உண்மை, அவன் செவ்வாய்க்கிழமை சொன்னதற்குப் பத்துச் சாட்சி. ஒரு கையெழுத்துப் போட்டால் அடுத்த ஞாயிறு பத்து வெடி, துடைத்த டியோப்டரோடு. மூன்றாம் இடம் கையில் இருக்கிற மாதிரித்தான்.

"என்ர அம்மா," என்றார் றீற்றாவைப் பார்த்து. "எங்கட ஆக்கள் வருசத்தில ஒருநாள் வேலைக் கருவியளைக் கடவுளுக்கு முன்னால வைப்பினம். சந்தனம் அரைச்சுப் பொட்டு வைக்கிறது. அது அடித்தட்டில காய்ஞ்சு கல்லாக் கிடந்திருக்கு. அதுக்கு மேலதான் நான் இறுக்கினது. சுடச்சுட உடைஞ்சு பொடியாப் போக, தட்டு இறங்கி ஆணி தளர்ந்திட்டுது. வெள்ளிக்கிழமை பாத்திருக்கவேணும். பாக்கேல்லை."

"ஆரும் தொடேல்லையோ?"

"ஆரும் தொடேல்லை."

பிறகு பீலிக்ஸ் பக்கம் திரும்பினார். "உன்ர பேரை எழுதிப்போட்டன். நீ எண்டுதான் நினைச்சன்."

"நான் செவ்வாய்க்கிழமை சொன்னது பகிடி."

"ஓம்."

"நீயும் சிரிச்சனி."

"சிரிச்சனான். பிறகு அதை நினைப்பில வைச்சிருந்திருக்கிறன் போல."

பீலிக்ஸ் படிவத்தை இன்னொரு தரம் பார்த்தான். "இந்த அட்டை எடுக்க எனக்கு மூண்டு வருசம்," என்றான். யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னான். பிறகு போய்ச் சுவரோரம் கைகட்டி நின்றான். வாங்கில் இருக்கவில்லை.

"ஒன்பது நிமிஷம்," என்றார் றீற்றா.

அக்கா ஒரு பற்குச்சியை எடுத்தார். டியோப்டரின் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். துளை வட்டமாக இல்லை. ஒரு பக்கத்தில் பிறை வடிவில் சந்தனம் அடைத்திருந்தது. இவ்வளவு நேரமும் பிறைக்குள்ளால் பார்த்துச் சுட்டிருக்கிறார். குச்சியின் நுனியால் மெல்லச் சுரண்டினார். உலோகத்தில் கீறல் விழுந்தால் துளை வாழ்நாளுக்கும் போய்விடும். ஊதினார். திரும்பப் பிடித்துப் பார்த்தார். வட்டம்.

அடித்தட்டைத் துணியால் துடைத்து, துவக்குக் கட்டையின் இருக்கையையும் துடைத்து, துளைத் தட்டையும் டியோப்டரையும் திரும்பப் பூட்டினார். இறுக்கினார். விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கொப்பியைத் திறந்து எண்ணைப் பார்த்து, அளவுகோலைச் சரிபார்த்தார்.

ஆறரை நிமிடம். சோதனை வெடிகள் ஐந்தும் காலையிலேயே முடிந்துவிட்டன. இனி விடுவது எல்லாம் கணக்கு.

அந்தத் துவக்கு அவசரப்படாது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழாயொன்றைப் பின்பக்கத்தில் வைத்து மூன்று நீண்ட மூச்சு ஊத வேண்டும். இல்லாவிட்டால் வெடிமருந்தின் கரி குழலுக்குள் காய்ந்து அடுத்த ரவையைத் திருப்பிவிடும். மூன்று மூச்சு, ரவை, பூட்டு, குதிரை, கண், விசை. எப்படிச் சுருக்கினாலும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. ஆறு வெடி, ஆறு நிமிடம். தவறு செய்ய அரை நிமிடம்.

முதலாவது எட்டு. இடப்பக்கம் மேலே.

அவருடைய கை டியோப்டரின் பக்கத் திருகைத் தேடிப் போவதைக் கண்டேன். ஒரு பல் திருப்பினால் வலப்பக்கம் வரும். கை அங்கேயே நின்றது. எண் பிழையா, தான் பிழையா என்று ஒரு வெடியால் சொல்ல ஏலாது. திருப்பாமல் கையை எடுத்தார். மூன்று மூச்சு ஊதினார்.

பத்து.

அடுத்ததும் பத்து. வாங்கில் யாரோ இருமினார்கள், றீற்றா திரும்பிப் பார்த்தார், இருமல் நின்றது.

ஒன்பது. இனி இரண்டும் பத்தாக வேண்டும்.

பத்து. புகை மெதுவாகவே கலைந்தது. அதற்குள் அவர் குழாயை வாயில் வைத்திருந்தார். அவருடைய வலப் புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது, தொடக்க வருடங்களில் டியோப்டரின் விளிம்பு பின்னுதைப்பில் வந்து வெட்டியது. பதற்றமாயிருந்தால் அதைத் தொடுவார். அப்போது தொட்டார்.

"நாப்பது செக்கன்," என்றார் றீற்றா.

கடைசி வெடி. பத்து என்றால் இடம் அவருடையது. ஒன்பது என்றால் சமம். துவக்கு தோளில் ஏறியது. சுவரோரம் பீலிக்ஸ் கைகட்டை அவிழ்த்தான். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்காவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. வெடிக்கும் சத்தம் வந்தபோது அவன் கண்ணை மூடினான்.

அக்கா தொலைநோக்கிக்குப் போகவில்லை. துவக்கைத் திறந்து மேசையில் வைத்தார். "எட்டு," என்றார் பார்க்காமலே. "விசையைப் பதறி இழுத்துப்போட்டன்."

றீற்றா பார்த்தார். எட்டுத்தான். இருபத்தேழும் ஐம்பத்தைந்தும் எண்பத்திரண்டு. அவர் அதைப் பதிவில் எழுதினார், பீலிக்ஸின் பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம் போட்டார். பிறகு கையெழுத்தில்லாத படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். குப்பைக் கூடைக்குள்கூடப் போடவில்லை.

அக்கா பீலிக்ஸிடம் போய்க் கையை நீட்டினார். அவன் கொஞ்சம் பிந்தித்தான் பிடித்தான். வாழ்த்துக்கு நன்றி சொன்னான். எங்களோடு பஸ் தரிப்பு வரை நடக்கவும் இல்லை. தன் கூரைவேலை வான் வண்டியில் போய்விட்டான்.

வீட்டுக்கதவைத் திறந்ததும் அன்ரி கேட்டாராம், "வெண்டனியோ?"

"இல்லை. ஒரு புள்ளி."

"என்ர பொட்டாலயோ?"

அக்கா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே யோசித்திருக்கிறார். பொட்டால்தான் என்று சொல்லலாம். முதல் நான்கு வெடியும் அதற்குச் சாட்சி. "வெள்ளிக்கிழமை நான் பெட்டியைத் திறக்கேல்லை," என்றார். "கடைசி வெடியும் என்ர கைதான்."

"ஒரு புள்ளிதானே," என்றார் அன்ரி, சோற்றைப் போட்டபடி. "மூண்டு பேருக்கு மட்டும் இடம் வைக்கிறதும் ஒரு கணக்கோ."

அடுத்த செவ்வாய்க்கிழமை சங்கத்தில் பீலிக்ஸ் எங்கள் மேசைக்கு வர நேரம் எடுத்தான். மற்ற மேசைகளில் எல்லாம் கதைத்துவிட்டு, கடைசியில் வந்து தன் டியோப்டரை அக்காவின் துணியில் வைத்தான். "ஆடுற மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் பார்." இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா அடித்தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார், திருகாணிகளைக் கழற்றிப் புரிகளைத் தூரிகையால் துடைத்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். இருபது நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவன் பக்கத்தில் நின்றான்.

"ஆடேல்லை," என்றார் அக்கா கொடுக்கும்போது. "நல்லா இருக்கு."

"தெரியும்," என்றான் பீலிக்ஸ்.

அவன் போனபிறகு அக்கா கொப்பியைத் திறந்து எழுதினார். மேசைக்கு எதிரே இருந்ததால் தலைகீழாக வாசித்தேன். திகதி. அதற்குக் கீழே, வழக்கமான அந்த அச்செழுத்தில்: ஒவ்வொரு ஒக்டோபரும், பூசை முடிந்த மறுநாள், அடித்தட்டைக் கழற்றித் துடைக்கவும். துளையை வெளிச்சத்தில் பார்க்கவும்.